பூண்டுக்கு அடியில் ஒரு ஹோம் தியேட்டர்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் முடியாது, முடியக் கூடாத இடத்தில் முடிந்துவிடும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். தேடிக்கொண்டே இருந்ததில் எதற்காகத் தேடுகிறேன் என்பது மறந்துபோனது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நாலு பேர் முகத்தை ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த நோட்டு.

ஸ்பீக்கர் எத்தனை ஓம், ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்ஸ் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போன் சொல்லிவிடும். அறையின் நடுவில் நின்று போனை நீட்டினால் அது கோடு கோடாகப் படம் வரைகிறது, நீங்களும் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள். நல்லது. அந்தப் படத்தில் வராத ஒன்றை மட்டும் நான் எழுதுகிறேன். அதை நான் காந்தலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டேன்.

மீனாட்சிபுரம் ரோட்டில் நம் ராவுத்தர் கடையில் எனக்கு வேலை, எரிந்த ஸ்பீக்கருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுவது. மேசை சுவரைப் பார்த்து இருந்தது. முப்பது வருடம் கடைக்கு வந்தவர்களுக்கு என் முதுகைத்தான் தெரியும். எனக்கும் அது வசதி. கட்டி முடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுத்தான் அனுப்புவேன். காது மட்டும் அப்படிப் பழகிவிட்டது.

வீடுகளுக்குப் போய்ப் பிளான் போட டிப்ளமா படித்த ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், பாகுபாடே தெரியாது. பத்துக்குப் பத்து அறைக்கும் ஐந்து ஸ்பீக்கர் பெட்டியும் கனத்த சத்தத்துக்கு ஒரு சப் ஊஃபரும் எழுதுவார், கல்யாண மண்டபம் என்றாலும் அதையேதான் எழுதுவார். நம் பக்கம் சோபாவைச் சுவரோடு ஒட்டித்தானே போடுகிறோம். பின்பக்கப் பெட்டிக்கு இடம் ஏது? உட்காருபவர் தலைக்கு மேலே இரண்டையும் குளவிக்கூடு மாதிரி ஆணியடித்து மாட்டிவிடுவார். கடைசியில் பெருமாட்டிப் பக்கம் ஒரு பால்காரர் வீட்டில் சப் ஊஃபரை மாட்டுக்கொட்டகைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தார். மறு வாரம் அந்தப் பால்காரர் காலிக் கேனோடு கடையில் வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க பொட்டி படத்துல சண்டை வந்தா உறுமுதுங்க. புலி வந்துருச்சுன்னு மாடு மூணும் காலை ஒடுக்கிட்டு நிக்குது. பால் ஒரு சொட்டு எறங்கமாட்டேங்குது."

நம்மவர் அவருக்கு அலைவரிசை பற்றி விளக்கம் சொன்னார். பால்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அதுககிட்டயே வந்து சொல்லிருங்களேன்" என்றார்.

அடுத்த மாதமே டிப்ளமாக்காரர் கோயம்புத்தூரில் பெரிய கடைக்குப் போய்விட்டார். அங்கே மாடு குறைவு, முன்னுக்கு வந்திருப்பார்.

அன்றைக்கு ராவுத்தர் என் முதுகைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, இனி பிளானும் நீங்களே போட்டுருங்க."

"எனக்கு ஆளுககிட்டப் பேச வராதுங்க."

"பேசவே வேண்டாம். பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. போன செட்டு திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான். வந்துச்சுன்னா நீங்க பழையபடி காயில் மேசைதான். நான் வேற டிப்ளமாவைத் தேடிக்கிறேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. முப்பது வருடம் சுவரைப் பார்த்தவளுக்கு அடுத்தவர் வீட்டுச் சுவரையாவது பார்க்கலாமே என்று ஆசை வந்துவிட்டது.

என் கணக்கு சின்னது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி முன்னால் நிற்கும் இரண்டு பெட்டிக்கும் அதைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயருக்கும். பாட்டுக்கு அந்த இரண்டு போதும், பாட்டு நன்றாக இருந்தால் படமும் நன்றாகத்தான் இருக்கும். மிச்சம் இருந்தால் பேச்சுக்காக நடுவில் ஒரு பெட்டி. சப் ஊஃபர் அடுத்த வருடம். பின்பக்கப் பெட்டி, சோபாவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருந்தால். இதைக் கேட்டுவிட்டு ராவுத்தர், "இப்படிச் சொன்னா நமக்கு வியாபாரம் எப்படிக்கா ஆகும்?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் பிளானே காந்தலூர். பெட்டி செய்கிற ஆசாரியும் நானும் கடை வேனில் உடுமலை, சின்னாறு, மறையூர் என்று வளைந்து வளைந்து ஏறினோம். ஆசாரிக்கு என் வயதுதான் இருக்கும். எதற்கும் கவலைப்படாதவர். மரம் அறுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு அவசரம்.

வீட்டுக்காரர் முத்தையா, பூண்டு விவசாயி. கான்கிரீட் வீடு கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னை உட்கார வைத்துத் தன் குறையைச் சொன்னார்.

"அக்கா, நான் காட்டுல வேலை செய்யயில போனைக் கொய்யா மரத்துல மாட்டிவெச்சு நாயனம் கேக்குறவன். நாயனம் கேக்கும். தவிலுல வலந்தலை கேக்கும். தொப்பி மட்டும் கேக்கவே கேக்காது. அந்த மனுசன் எடது கையில குச்சிய வெச்சுக்கிட்டு என்னதான் அடிக்கிறாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அதைக் கேட்டுப்புடணும். அம்புட்டுத்தான்."

தவிலின் வலது பக்கம் வலந்தலை, இடது பக்கத்துக்குத்தான் தொப்பி என்று பெயர். கனத்த சத்தம் அங்கேதான் பிறக்கும். போனில் அது எங்கே வரப் போகிறது? எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. எத்தனை வாட்ஸ் என்று கேட்காமல் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி பேச்சியம்மா உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தார். "எனக்குப் படத்துல பேசுறது புரிஞ்சாப் போதுங்க்கா. ஒருத்தனை ஒருத்தன் அடிக்கிறான், சரி. எதுக்கு அடிக்கிறான்னு சொல்லயில மட்டும் வயலினைப் போட்டு அமுக்கிப்புடுறாங்க."

கூடத்துக்குப் போனேன். மேலே குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கட்டி, தாளோடு சேர்த்து முடிந்த விதைப் பூண்டுக் கொத்துகள் தொங்கின. நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். பழைய வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் தொங்குமாம். புது வீட்டில் பரண் கட்ட எஞ்சினியர் சம்மதிக்கவில்லை, பார்வைக்கு நன்றாக இராதாம். அதனால் பூண்டு கூடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த நடவுக்கு அதுதான் விதை. நனைந்தால் போயிற்று.

நடுவில் நின்று கையைத் தட்டினேன். என் போன் அதுதான். சத்தம் 'டப்' என்று விழுந்து, எதிரொலியே இல்லாமல் அங்கேயே செத்தது. இப்படி ஒரு கூடத்தை நான் கண்டதில்லை. மூன்றே பெட்டி, ராஜா மாதிரி பாடும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். 'இது எப்பவும் இங்கேயே தொங்குமா?' என்று கேட்க எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. முத்தையா, அவர் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் மேதை ஏதோ சொல்லப் போகிறாள் என்று என் வாயையே பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் கூச்சத்தை அடக்கம் என்று ஊரே பாராட்டியிருக்கிறது. நானும் நம்பியிருந்தேன்.

வேனில் ஏறியதும் டிப்ளமாக்காரரைப் பற்றி ஆசாரியிடம் நன்றாகச் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டிகளோடு போனோம். வாசலிலேயே முத்தையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "வாங்கக்கா, உங்க செட்டுக்காகக் கூடத்தைப் பளிங்கு மாதிரி ஆக்கிவெச்சிருக்கேன்."

ஆக்கித்தான் இருந்தார். பூண்டு ஒன்றுகூட இல்லை. மூங்கில் மட்டும் வெறுமனே நின்றது. சுவரில் மினுமினு பெயிண்ட். தரையில் முகம் தெரிகிற டைல்ஸ். ஜன்னல் முழுக்கக் கண்ணாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். நடு நாற்காலியில் உடுமலை மாப்பிள்ளை, முத்தையாவின் தங்கச்சி வீட்டுக்காரர். வரும்போதெல்லாம் இந்த வீட்டைப் 'பூண்டு மண்டி' என்று கேலி செய்வாராம். அவர் வருகிறார் என்பதற்காகத்தான் பூண்டு போயிருக்கிறது. மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் எல்லாவற்றையும் குவித்திருந்தார்கள். வெளியே சாரல்.

பேச்சியம்மா காபி கொண்டுவந்தபோது புருஷன் காதில் படும்படிச் சொன்னார். "ஒரு வாரமா அடிச்சுக்கிறேன். வெதைப் பூண்டு பூசணம் பூத்துப்போயிரும்னு. கேட்டாத்தானே? கூடத்துல பாட்டுப் பாடட்டும், அடுத்த வருசம் பாட்டையே நட்டுக்கலாம்."

முத்தையா எங்களிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "இவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா. செட்டு நல்லா இல்லைன்னா இன்னைக்கே திருப்பி அனுப்பிட்டுப் பூண்டைக் கட்டிக்கன்னு."

பெட்டிகளை வைத்து, நாயனத்தைப் போட்டோம்.

பிள்ளைகளே, ஒரு தவிலுக்கு நாலு தவில் கேட்டது. வலந்தலையின் ஒவ்வொரு அடியும் சுவரில் பட்டு, கண்ணாடியில் பட்டு, தரையில் பட்டு, மறுபடி வந்து அடுத்த அடியின் மேல் ஏறி உட்கார்ந்தது. தொப்பி எங்கே? அந்தக் கூட்டத்தில் அது இருந்த இடமே தெரியவில்லை. படத்தைப் போட்டால் கதாநாயகன் கிணற்றுக்குள் இருந்து பேசினான்.

உடுமலை மாப்பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே சொன்னார். "மச்சான், இது ஹோம் தியேட்டருங்களா, குளியல் ரூமுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூணு பொட்டி எப்படிப் பத்துமுங்க? நான் வீடியோவுல எல்லாம் பாத்திருக்கேன். ஏழு பொட்டி போடோணும். வாட்ஸ் பத்தலைங்க, வாட்ஸ்."

வீடியோ பார்த்தே அறுவை சிகிச்சை செய்யக்கூடியவர் அவர்.

முத்தையா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "அக்கா, இன்னும் ரெண்டு பெட்டி வெச்சா சரியாயிருமா? சொல்லுங்க, வெச்சுப்புடலாம். பெரிய ஆம்ப்ளிஃபயர்னாலும் சரி."

ஆசாரி என் பக்கம் குனிந்தார். "அக்கா, தலையை ஆட்டிருங்க. நாலு பொட்டிக்கு ஆர்டரு. மேலயிருந்து எறங்குனதுக்கப்பறம் யோசிச்சுக்கலாம்."

தலையை ஆட்டினால் போதும். பேச வேண்டியதுகூட இல்லை. கூச்சக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்? செட்டு இங்கேயே நிற்கும். ராவுத்தருக்குச் சந்தோஷம். வாடிக்கையாளரே கேட்கிறார், மாப்பிள்ளையே சிபாரிசு செய்கிறார். நாலு பெட்டி வந்தால் நாலு பக்கத்திலிருந்தும் எதிரொலிக்கும், அவ்வளவுதான். அப்போது அவர் எட்டுக் கேட்பார். தொப்பியை மட்டும் ஆயுசுக்கும் கேட்கமாட்டார். ராவுத்தரிடம் கேட்கலாமென்றால் அந்த வீட்டுக்குள் போன் எடுக்காது.

வெறும் மூங்கிலைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"பூண்டு எங்கீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. பேச்சியம்மா, "போறப்பக் கட்டாயம் தாரேன்க்கா, காந்தலூர் வந்துட்டுப் பூண்டு இல்லாமப் போவீங்களா" என்று பையைத் தேடப் போனார். ஆசாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

எழுந்து நின்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் நின்றது என் கல்யாணத்தில்தான், அப்போதும் குனிந்தே நின்றேன்.

"சாப்படறதுக்குக் கேக்கலைங்க. பொட்டி சரிதானுங்க. ஆம்ப்ளிஃபயரும் சரிதானுங்க. தப்பு என்னுதுங்க. நான் பாத்தப்போ மேல பூண்டு தொங்குச்சுங்க. அது சத்தத்தை வாங்கிக்கிச்சு. எடுத்துருவீங்களான்னு நான் கேக்கோணும். கேக்கலைங்க. இப்ப ஏழு பொட்டி வெச்சாலும் இதேதானுங்க கேக்கும். பூண்டைத் திரும்பக் கட்டுனாத்தானுங்க..."

மிச்சம் வரவில்லை. போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார். "மச்சான், செட்டு வாங்குனா மண்டி ஓசிங்களா?"

முத்தையாவின் முகம் சிவந்துபோனது. "என்னக்கா பேசுறீங்க? இம்புட்டுச் செலவு பண்ணி வீட்டைக் கட்டி, டைல்ஸ் போட்டு, வந்த ஆளுகளைப் பூண்டுக்கு அடியில உக்கார வெக்கச் சொல்றீங்களா? இதுக்கு நீங்க வரவே வேணாமே. கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்துங்க."

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் கேட்டது பாட்டு. நான் கொடுத்தது மாப்பிள்ளைக்கு ஒரு நகைச்சுவை. டிவிக்குப் பின்னால் மண்டியிட்டு ஒயரைக் கழட்ட ஆரம்பித்தேன். காயில் மேசை கண்ணுக்குத் தெரிந்தது. ஆசாரி ஸ்குரூவைப் பொறுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். "திரும்பிப் போறப்ப மரப்பொட்டின்னா மறையூர் செக்போஸ்ட்டுல சந்தனம் கடத்துறமான்னு மோந்து பாப்பான். என்னன்னு சொல்லட்டும்? பூண்டு இல்லாததால வந்த பொட்டீன்னா?"

பெட்டி ஒன்றின் ஒயர்தான் கழன்றிருக்கும். தலைக்கு மேலே சரசரவென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். பேச்சியம்மா நாற்காலி மேல் ஏறி நின்று மூங்கிலில் ஒரு கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் இன்னொரு கொத்து. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன பண்ற?" என்றார் முத்தையா.

"வாக்குக் குடுத்தீகள்ல. செட்டு சரியில்லைன்னாப் பூண்டைக் கட்டிக்கன்னு. கட்டுறேன். கீழ அவுக கழட்டட்டும், மேல நான் கட்டுறேன். ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்."

முத்தையா வாசல் நிலையில் போய், சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாவின் ஓரகத்திகள் இரண்டு பேர் எழுந்து கொட்டகைக்குப் போனார்கள். கொத்து கொத்தாக வந்தது. சில கொத்துகள் ஏற்கெனவே ஈரம் கோத்திருந்தன. மாப்பிள்ளை, சருகு சட்டையில் விழுகிறது என்று நாற்காலியைக் கதவோரம் நகர்த்திக்கொண்டார்.

கால்வாசி மூங்கில் நிறைந்திருக்கும். எதிரொலி குறைவது காதில் பட்டதும் நான் கழட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒயரைத் திரும்ப மாட்டினேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மூலையில் ஒட்டி வைத்திருந்த பெட்டி இரண்டையும் ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். அதுவும் என் தப்புதான், முதலிலேயே செய்திருக்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்து மறந்திருந்தேன். ஆசாரியிடம் கண்ணைக் காட்டினேன். அவர் நாயனத்தைப் போட்டார்.

பேச்சியம்மா கட்டக் கட்டச் சத்தம் ஒதுங்கி வழிவிட்டது. பாதி மூங்கில் நிறைந்தபோது வலந்தலை ஒன்றாயிற்று. அதற்கு அடியில், கனமாக, நிதானமாக, இன்னொரு கை வந்தது.

முத்தையா திரும்பவில்லை. வாசலைப் பார்த்தபடியேதான் நின்றார். ஆனால் அவர் இடது கை நிலைச்சட்டத்தில் லேசாகத் தட்டத் தொடங்கியது. முதலில் தப்பாக. பிறகு சரியாக. தவிலின் தனி ஆவர்த்தனம் முடிகிறவரை உடுமலை மாப்பிள்ளைகூடக் காலை ஆட்டவில்லை.

முடிந்ததும் அவர் சாரலில் இறங்கிக் கொட்டகைப் பக்கம் போனார். எங்கள் வண்டியைக் கிளப்பச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு தோளிலும் பூண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பெண்சாதியிடம் நீட்டி, "கெழக்குப் பக்கம் இன்னும் வெறும் மூங்கிலாக் கெடக்கு பாரு" என்றார். என் பக்கம் பார்க்காமல், "அதை இன்னொருக்கா போடுங்க" என்றார்.

கிளம்பும்போது நான் பேச்சியம்மாவிடம் கேட்டேன். "இது எப்ப வரைக்குமுங்க தொங்கும்?"

"நடவு வரைக்கும்க்கா. அப்பறம் புதுப் பூண்டு வர்ற வரைக்கும் வெறும் மூங்கில்தான்."

"அப்ப அதுல கம்பளி, சாக்கு எல்லாம் தொங்கவிடுங்க. இல்லைன்னா மறுபடி குளியல் ரூம் ஆயிரும்."

இவ்வளவுதான் கேள்வி. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யாருக்கும் முகம் சிவந்திருக்காது. செட்டு திரும்பி வரவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் நான் பிளான் போட்டேன். இப்போது பார்க்கும் அறையைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் இங்கே என்ன இருக்கும், எது போகும், யார் வருகிறார் என்று எல்லா வீட்டிலும் கேட்டேன். குரல் நடுங்கித்தான் கேட்டேன். பதில் நடுங்காமல் வந்தது. நீங்கள் போனை நீட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீட்டிய பிறகு வாயையும் ஒரு தடவை திறங்கள். அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் உண்டு. நடுப் பெட்டி ஆறு ஓமா எட்டு ஓமா என்று நினைவில்லை. கூடம் பதினெட்டுக்குப் பதினாலு என்று ஞாபகம், கடையின் பழைய அளவு நோட்டில் வேறு மாதிரி இருந்தால் நோட்டையே நம்புங்கள். தொப்பி, வலந்தலை இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறேனா என்று தவில் தெரிந்த யாரையாவது கேளுங்கள். மற்றதை உங்களில் யாராவது ஆசாரியிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். தலையை ஆட்டச் சொன்னது தான் இல்லை என்று அவர் சொல்வார். அந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டாம்.